அறக்கட்டளைப் பள்ளிகள்: வளர்ச்சியும் தரமும் ஆதரவும்

(குளத்தூரில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

'பள்ளி' என்னும் சொல்லின் பழம்பொருளைத் தேடிக் குளத்தூரினர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், பாறையை வழவழப்பாகச் செதுக்கி அமைத்த படுக்கைகள் இன்றும் உள்ளன. துறவியர் உறைந்த இத்தகைய இடங்களே பள்ளி எனப்பட்டன. அவர்களை நாடி எழுத்தும் இலக்கணமும் கற்க மாணாக்கர் வந்தமையால், அச்சொல் பின்னர்க் கல்விக்கூடத்தின் பெயராயிற்று. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபோசிலைச் சேர்ந்த இளயர் என்பார் இருக்கை செய்தளித்ததைக் கூறுகிறது. தங்கியவர் ஒருவர், பொருள் தந்தவர் வேறொருவர். கற்பிப்பவரும் கொடுப்பவரும் வெவ்வேறானவராக இருந்து ஒரு பள்ளி நடைபெறும் முறை அவ்வளவு பழைமையானது.

அதே குன்றின் மேற்குப் புறத்தில் உள்ள அறிவர் கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் புதுப்பித்து, முகமண்டபம் எடுத்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார். அவர் புதிய கோயில் ஒன்றைக் கட்டவில்லை, இருந்ததைச் செப்பனிட்டார். செய்தவர் 'ஆசிரியன்' எனப் பெயர் பெற்றிருப்பதும் கருதத்தக்கது.

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தையும் ஒன்றாகப் போற்றும் சமூகத்தில், அறக்கட்டளை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே "பள்ளி ஒன்று தொடங்கலாமே" என்னும் பேச்சு எழுவது இயல்பு. ஒன்று நன்கு நடந்தால் இரண்டாவதைப் பற்றிய பேச்சு எழும். ஒரே நிர்வாகம் பல பள்ளிகளை நடத்துவது எவ்வாறு வளர்கிறது, அப்பள்ளிகளில் கல்வி எவ்வாறு அமைகிறது, ஊரின் ஆதரவும் அரசின் ஆதரவும் அதற்கு எவ்வாறு கிட்டுகின்றன என்பனவே இவ்வுரையின் பொருள்.

பொருள் மட்டும் இருந்தால் பள்ளி நடைபெற்றுவிடாது. வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதி வைத்து மறைந்தார். பெருஞ்செல்வம் அறத்திற்கென ஒதுக்கப்பெற்றிருந்தும், பொறுப்பேற்று நடத்தும் முறையான நிர்வாகம் இன்றி அது நெடுங்காலம் வழக்கில் கிடந்தது. ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியால் அப்பொருளின் ஒரு பகுதி கல்விக்குத் திரும்பி, சென்னையில் பள்ளி தொடங்கியது 1842இல்தான். கொடைக்கும் பள்ளிக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது.

விருதுநகரின் வரலாறு வேறு வகையானது. அங்கு வணிகப் பெருமக்கள் தம் வாணிகத்தில் ஒரு சிறு கூறை மகமையாகச் சேர்த்தனர். வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டினர். 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்தது. பின்னாளில் முதலமைச்சராகிய காமராசர் அப்பள்ளியில் பயின்றவர். பிடியரிசியின் மதிப்பு அதன் எடையில் இல்லை. நாள்தோறும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் பெண்மணிக்கு, "பள்ளியில் என்ன நடக்கிறது?" என்று கேட்கும் உரிமை பிறக்கிறது. செல்வர் ஒருவரின் பெருந்தொகையால் நடக்கும் பள்ளியில் அவர் ஒருவரே அவ்வினாவை எழுப்ப இயலும். அவரும் பெரும்பாலும் ஆண்டு விழாவன்றுதான் வருவார்.

ஊரார் நடத்த அரசு பொருளுதவி செய்யும் முறைக்கு, 1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் கல்வி அறிக்கை வழி வகுத்தது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் மானிய விதிகள் ஏற்பட்டன. 'அரசு உதவி பெறும் பள்ளி' என இன்று வழங்குவது அதன் வழித்தோன்றலாகும். கிறித்துவ சபைகளும், சாதிச் சங்கங்களும், மடங்களும், தனி அறக்கட்டளைகளும் இம்முறையில் பள்ளிகளைப் பெருக்கின. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம், நிர்வாகத்தின் கடமைகளையும் ஆசிரியரின் பணிப் பாதுகாப்பையும் வரையறுத்தது. ஆசிரியரின் ஊதியத்தை அரசு ஏற்கும். கட்டடமும் அன்றாட நிர்வாகமும் தாளாளரின் பொறுப்பு. மாணவரிடம் கல்விக் கட்டணம் பெறாமலே ஏழைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தனியார் நிர்வாகத்திற்கு இடமளித்த ஏற்பாடு இது. குறைகள் பல உண்டு. ஆயினும் தமிழகக் கல்வியின் பரவலில் இதன் பங்கைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியின்மையாகும்.

அரசு பொருளும் தனியார் நிர்வாகமும் இணையும் இம்முறையின் உறவினர் ஒருவர் அமெரிக்காவிலும் உண்டு. மினசோட்டா மாநிலம் 1991இல் 'சார்ட்டர் பள்ளி' எனும் முறையைச் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் முதற்பள்ளி திறக்கப்பட்டது. சார்ட்டர் என்றால் சாசனம். கல்வெட்டுகள் நிறைந்த புதுக்கோட்டைச் சீமையினருக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு பொருள் தரும். கட்டணம் வாங்குதல் ஆகாது. இடத்தினும் விண்ணப்பம் மிகின் குலுக்கல் முறையில் சேர்க்கை நடைபெறும். பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே சாசனம் வழங்கப்படும். கல்வி தாழ்ந்தால் அது புதுப்பிக்கப்படாது, பள்ளி மூடப்படும். தமிழகத்தின் மானிய முறையில் இல்லாத கூறு இதுவே. இங்கு ஒரு முறை பெற்ற உதவி, பாடம் நன்கு நடப்பினும் நடவாவிடினும் தொடர்கிறது.

1991 என்னும் ஆண்டு ஈண்டு நினைவில் நிறுத்தத்தக்கது. மினசோட்டா ஒரு கதவைத் திறந்த அவ்வாண்டில், தமிழ்நாடு ஒரு கதவை அடைத்தது. 1991-92ஆம் கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கும் புதிய வகுப்புகளுக்கும் மானியம் இல்லை எனச் சட்டத்தில் பிரிவு சேர்க்கப்பட்டது. நிதிச்சுமை அதன் காரணம். விளைவு வெளிப்படை: அதன்பின் தோன்றிய நிர்வாகங்கள் கட்டணத்தை நம்பியே வளர வேண்டியதாயிற்று. கட்டணம் செலுத்த இயல்பவரின் பிள்ளைகளுக்கே புதிய பள்ளிகள் எழுந்தன. (அதே 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்து, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கையெழுத்திடவும் கற்ற காட்சி இங்குள்ள மூத்தோர் பலர் கண்டதே. ஊர் மனம் வைத்தால் எத்துணை விரைவில் ஆதரவு திரளும் என்பதற்கு அது சான்று. திரண்டதை நிலைநிறுத்த நிலையான அமைப்பு வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று.)

அமெரிக்காவில் தனித்தனிப் பள்ளிகளாகத் தொடங்கியவற்றுள் சில, ஒரே தலைமையின்கீழ்த் தொகுதியாயின. 'கிப்' எனப்படும் அமைப்பு 1994இல் ஹூஸ்டன் நகரில் இரு இளம் ஆசிரியர்களால், ஐந்தாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ 50 பேருடன் தொடங்கப்பெற்றது. ஆறு ஆண்டுகள் வரை அது விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஆடை வணிகக் குடும்பம் ஒன்று பெருங்கொடை அளித்தது. அக்கொடை கட்டடத்தில் இறைக்கப்படவில்லை. வருங்காலத் தலைமையாசிரியர்களைத் தேர்ந்து ஓராண்டு பயிற்றுவிப்பதில் செலவாயிற்று. பயிற்சி முடித்தவரே புதிய பள்ளியைத் திறந்தார். இன்று அவ்வமைப்பின் பள்ளிகள் 250க்கு மேற்பட்டவை. முதலில் தலைமையாசிரியர், பின்னரே பள்ளி என்னும் இவ்வரிசையை இந்நாட்டு அறக்கட்டளைகள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் நிலம், அடுத்துக் கட்டடம், அடுத்துத் திறப்பு விழா அழைப்பிதழ்; ஆசிரியரைத் தேடுவது மே மாத இறுதியில்!

பயன் என்ன? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2009இல் 16 மாநிலங்களின் சார்ட்டர் பள்ளிகளை ஆராய்ந்தது. கணிதத்தில் 17 விழுக்காட்டுப் பள்ளிகளே அரசுப் பள்ளிகளை விஞ்சின. 37 விழுக்காடு அவற்றினும் தாழ்ந்தன. எஞ்சியவற்றில் வேறுபாடு இல்லை. நிர்வாகம் மாறினால் தரம் தானே உயரும் என்ற நம்பிக்கைக்கு அது பெரும் அடி. அம்மையமே 2023இல் வெளியிட்ட ஆய்வில் நிலை மேம்பட்டிருந்தது. தொகுதியாக நடத்தப்பெறும் பள்ளிகளின் மாணவர், ஒத்த நிலையிலுள்ள அரசுப் பள்ளி மாணவரைவிட, ஓராண்டில் வாசிப்பில் 27 நாட்களுக்கும் கணிதத்தில் 23 நாட்களுக்கும் ஈடான கல்வியைக் கூடுதலாகப் பெற்றனர். தனித்து இயங்கிய பள்ளிகளின் முன்னேற்றம் இதனினும் குறைவு. ஆகவே தொகுதி என்பதில் பயன் உண்டு. கணக்கு, கட்டடப் பழுது, அரசுக் கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை நடுவண் அலுவலகம் ஏற்பதால், தலைமையாசிரியர் வகுப்பறைக்குள் செல்ல நேரம் கிடைக்கிறது. ஆயினும் 27 நாள் என்பது அற்புதமன்று. நெடிய பணி நேரத்தால் இளம் ஆசிரியர்கள் களைத்து விலகுவதும் அப்பள்ளிகளைப் பற்றி ஓயாது எழும் குறை.

விரைவான வளர்ச்சியின் இருண்ட பக்கத்திற்கு ஓஹையோ மாநிலம் சான்று. அங்குக் கணினி வழியே பாடம் நடத்திய சார்ட்டர் பள்ளி ஒன்று பல்லாயிரம் மாணவரைப் பதிவேட்டில் கொண்டிருந்தது. 2015-16ஆம் ஆண்டிற்கு மட்டும் சுமார் 6 கோடி டாலர் கூடுதலாகப் பெற்றதாக அரசு கணக்கிட்டுத் திருப்பிக் கேட்டது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், அது மூடப்பட்டது. ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடினர். பதிவேட்டு எண்ணிக்கையும் வகுப்பறை எண்ணிக்கையும் ஒத்திருத்தல் என்பது, சத்தியத்தை விரதமாகக் கொண்டோர்க்கு விளக்க வேண்டிய செய்தியன்று.

ஆதரவைப் பற்றியும் அயல்நாடு ஒரு பாடம் தருகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரச் சார்ட்டர் பள்ளிகள் நல்ல தேர்ச்சிக்குப் பெயர் பெற்றவை. இருந்தும், அத்தகைய பள்ளிகளை மிகுதியாக்கலாமா என 2016இல் மக்களிடம் வாக்குக் கேட்டபோது, ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் மறுத்தனர். தங்கள் ஊர்ப் பொதுப்பள்ளியின் பணம் குறைந்துவிடும் என்ற அச்சமும், வெளியூர்ச் செல்வரின் பணம் பரப்புரைக்கு வந்தமையும் அதற்குக் காரணமாயின.

தமிழ்நாட்டில் ஆதரவின் சிக்கல் வேறு உருவில் உள்ளது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்விச் சேர்க்கையில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. உதவி பெறும் பள்ளியில் பயின்ற ஏழை மாணவர்க்கு அது இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் நீட்டிக்கப்பட்டது. அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் நடுவே நிற்கும் உதவி பெறும் பள்ளி, இருபுறமும் மாணவரை இழக்கிறது. ஒருபுறம் அரசின் சலுகை. மறுபுறம் ஆங்கில வழிப் பள்ளியின் வேன், ஊருக்குள்ளேயே வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறது.

மாணவர் குறைந்தால் நிகழ்வது எளிய கணக்கு. ஆகஸ்டு முதல் நாள் வருகைப் பதிவை அடிப்படையாகக் கொண்டு ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. எண்ணிக்கை சரிந்தால் பணியிடம் உபரியாகும். ஆசிரியர் குறைந்தால் பெற்றோர் மேலும் தயங்குவர். ஓர் ஈராசிரியர் பள்ளி இவ்வாறு நான்கைந்து ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். பழைய தாளாளர் மறைந்து, நகரத்தில் வாழும் அவர் மக்களுக்கு அதில் ஆர்வம் இல்லாத இடங்களில் இச்சரிவு இன்னும் விரைவு. அப்பள்ளி மூடப்பட்டால் அதனோடு மானியமும் போய்விடும். 1991க்குப் பின் அதற்கு ஈடாக வேறொன்று பிறக்க வழியில்லை. இழப்பு அப்பள்ளியை நம்பியிருந்த கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கே.

ஆகவே, கல்விக்குப் பொருள் ஒதுக்க எண்ணும் அறக்கட்டளைக்கு இரு வழிகள் உள்ளன. புதிய கட்டணப் பள்ளி தொடங்கலாம். அதில் பெயர்ப்பலகை பொலியும், வருவாயும் உண்டு. அல்லது சரிந்துவரும் பழைய உதவி பெறும் பள்ளி ஒன்றை, முறையான அரசு ஒப்புதலுடன் பொறுப்பேற்கலாம். அல்லது பொறுப்பு மாற்றமின்றியே அதற்குத் துணை நிற்கலாம். இரண்டாவதில் புகழ் குறைவு, கோப்புகள் மிகுதி, பழைய ஆசிரியரோடு பொறுமையாக ஒத்துப்போக வேண்டிய கடமையும் உண்டு. ஆயினும் ஒரு ரூபாய்க்கு அது தரும் பயன் பெரிது. ஏனெனில் ஊதியச் செலவு அறக்கட்டளையைச் சாராது. மும்பையிலும் புனேயிலும் ஆகான்க்ஷா அறக்கட்டளை, மாநகராட்சிப் பள்ளிகளையே ஒப்பந்தத்தின்வழி ஏற்று நடத்திவருவதும் இவ்வகைச் சிந்தனையே.

2014 ஜனவரியில் சமண சமயத்தார் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். தம் கல்வி நிலையங்களைத் தாமே நிர்வகிக்கும் அரசியலமைப்பு உரிமைக்கு அதனால் உறுதி கிடைத்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே, கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழைப் பிள்ளைக்கு இடமளிக்க வேண்டிய கட்டாயம் சட்டத்தால் நீங்கியது, தானத்தால் நீங்கவில்லை.

பொறுப்பேற்கும் குழு முதலாண்டில் செய்யத்தக்கவை சிறியவை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஒரு பத்தி வாசிக்கச் செய்து, முடிவைத் தேதியிட்டு எழுதி வைத்தல். கழிப்பறைக்குத் தண்ணீர் அமைத்தல். வரவு செலவை ஊரார் காணும் பலகையில் ஒட்டுதல். வசதியுள்ளோர் நூறு பேரிடம் ஆயிரம் ரூபாய் பெறுவதோடு நில்லாமல், பெற்றோரிடமும் மாதம் பத்து ரூபாயேனும் விருப்பக் கொடையாகப் பெறுதல். பெறுவது பணத்திற்காக அன்று, அவர்கள் வந்து கேள்வி கேட்பதற்காக. இரண்டாம் பள்ளியைப் பற்றிய தீர்மானம், எழுதி வைத்த அந்த வாசிப்புப் பட்டியலை மூன்றாம் ஆண்டில் மீண்டும் எடுத்துப் பார்த்தபின் வரட்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. கீரனூர், நார்த்தாமலை, குளத்தூர்ப் பகுதிச் சிற்றூர்களில் எப்பள்ளியில் எத்தனை பிள்ளைகள் உள்ளனர், எங்கு ஓராசிரியர் மட்டுமே எஞ்சியுள்ளார் என்பதை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டறிய ஒரு முற்பகல் போதும். ஆகஸ்டு முதல் நாளுக்கு முன் அவ்வீடுகளுக்குச் சென்று பெற்றோரோடு பேச இளைஞர் பத்துப் பேர் முன்வருவாராயின், விழாக் குழுவினரிடம் இன்றே பெயர் தரலாம்.