அறிவு யாருடைய உடைமை?

(கிடர்பூரில் துறைமுகத் தொழிலாளரிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

தோழர்களே,

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கொல்கத்தாவைச் சூறையாடியது. ஒரு வாரத்தில், மே 27 அன்று, அசாமின் பாக்ஜான் எரிவாயுக் கிணறு கட்டுக்கடங்காமல் பீறிட்டது. ஜூன் 9 அன்று தீப்பற்றியது. அத்தீ முற்றாக அடங்க நவம்பர் ஆயிற்று. கடல் வெப்பமேறுவதும் கிணறு கசிவதும் வெவ்வேறு கதைகள் அல்ல.

புவி வெப்பமாவதை எண்ணெய் முதலாளிகள் அறியாதிருந்தனரா? 1977இலேயே எக்சான் நிறுவனத்தின் அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக் அதன் தலைமைக்கு இதை எடுத்துரைத்தார். 1982இல் அந்நிறுவனத்தின் உள் ஆவணம் வரைந்த வெப்பக் கணிப்பு பெரிதும் மெய்யாயிற்று. ஆயினும் அவ்வறிவு பூட்டி வைக்கப்பட்டது. மக்களிடையே ஐயம் விதைக்கப்பட்டது. உண்மை 2015இல்தான் அம்பலமாயிற்று.

மறைக்கப்பட்ட அறிவு ஒருபுறம்; பகிரப்படாத அறிவு மறுபுறம். 2005 டிசம்பரில் பிரிட்டனின் பன்ஸ்ஃபீல்டு கிடங்கில் பெட்ரோல் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. 2008க்குள் விசாரணை அறிக்கைகள் வெளிவந்தன. எனினும் 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் கிடங்கில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பெட்ரோல் கசிந்தது. பதினொரு பேர் மாண்டனர். படிப்பினை தாளில் இருந்தது. வால்வு அருகே இல்லை.

இன்று ஓ.என்.ஜி.சி. 2038ஆம் ஆண்டையும், இந்தியன் ஆயில் 2046ஆம் ஆண்டையும் நிகரச் சுழிய உமிழ்வுக்கு இலக்காக அறிவித்துள்ளன. இலக்கை எட்டும் வழியின் முதற்படி மீத்தேன் கசிவை அடைப்பதே. இருபதாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பமூட்டும். எந்த இணைப்பு தளர்ந்துள்ளது, எந்த வால்வு இறுகாது என்பதை முதலில் அறிபவர் அங்கே பணிபுரியும் தொழிலாளியே. அவர் ஒப்பந்தத் தொழிலாளியாயின், ஒப்பந்தம் முடியும் நாளில் அவ்வறிவும் வாயிலைக் கடந்து வெளியேறுகிறது. கசிவைச் சொன்னால் வேலை போகும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்தப் பதிவேடும் உண்மை பேசாது.

1974இல் எஸ்ஸோவும் 1976இல் பர்மா ஷெல்லும் பொதுத்துறையாயின. தலைமுறைகளாகத் திரண்ட அனுபவம் நாட்டுடைமையாயிற்று. 2019இல் பாரத் பெட்ரோலியத்தை விற்க ஒன்றிய அரசு முடிவெடுத்தபோது, இந்த அனுபவமும் விலைப்பட்டியலில் ஏறியது. 2022இல் அம்முயற்சி கைவிடப்பட்டது, ஆபத்து நீங்கிவிடவில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை: கசிவுப் பதிவேடு தொழிலாளரின் தாய்மொழியில் அமைய வேண்டும், பாதுகாப்புக் குழுக்களில் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இடம் வேண்டும், தவறைச் சுட்டுவோருக்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும், விபத்து அறிக்கைகள் மக்கள்முன் வைக்கப்பட வேண்டும்.

உழைப்பவரின் அறிவு உழைப்பவரிடமே திரும்பட்டும்!