டர்போ எஞ்சினுக்கு எந்த ஒயில்?

எண்ணெய் என்றதும் திருகோணமலை ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, பிரித்தானியர் தங்கள் கப்பல்களுக்காகச் சீனக்குடாவில் கட்டிய தாங்கிகள்தான். அது எரிவதற்கான எண்ணெய். நான் இன்று பேசவந்தது எரியக் கூடாத எண்ணெயைப் பற்றி. அதுவும் எங்கள் பக்கத்தில் தயாராகிறது. லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் திருகோணமலையில் அடிப்படை எண்ணெயோடு கரியைப் பிடித்துவைக்கும் சேர்மானமும் தேய்மானம் தடுக்கும் சேர்மானமும் கலந்து எஞ்சின் ஒயில் செய்கிறது.

டர்போ பூட்டிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கராஜில் வழக்கமாகச் சொல்வது: "வெக்கையான ஊர், தடிச்ச ஒயிலா விடுங்கோ." இதை நான் ஏற்கமாட்டேன்.

போத்தலில் 5டபிள்யூ-40 என்று இருந்தால், முன் எண் குளிருக்கானது. சுழியத்துக்குக் கீழே 30 பாகையிலும் எஞ்சின் சுழலும் என்பது அதன் பொருள். வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அபூர்வமான எங்கள் ஊரில் அதைப் பற்றிக் கவலையில்லை. பின் எண்தான் 100 பாகையில் ஒயிலின் தடிப்பைச் சொல்கிறது. கச்சான் காற்று வீசி வெளியே 35 பாகை கொதித்தாலும், எஞ்சின் சூடேறியபின் ஒயில் 100 பாகையை ஒட்டித்தான் ஓடும். அந்தச் சூட்டுக்கு எவ்வளவு தடிப்பு வேண்டும் என்பதை, உள்ளே விட்ட இடைவெளிகளை அளந்து காரைச் செய்தவர்கள் கையேட்டில் எழுதிவிட்டார்கள். அதற்கு மேல் தடித்த ஒயில், தொடக்கிய முதல் விநாடிகளில் போகவேண்டிய இடத்துக்குப் பிந்திப் போகும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் ஒன்றுதான். நிலாவெளி வரை விரட்டிப் போய், நின்றவுடன் எஞ்சினை நிறுத்தினால் அங்கே தங்கிய ஒயில் வெந்து கரியாகும். அந்தச் சூட்டைத் தாங்குவதில் முழுச் செயற்கை ஒயிலே மேல். காசைத் தடிப்புக்கு அல்ல, அதற்குத்தான் செலவழிக்கவேண்டும்.

ஒயில் கறுத்துவிட்டது என்று பதறுபவர்களும் உண்டு. கறுப்பு, கரியை அது பிடித்துவைத்திருப்பதன் அடையாளம். நான் பயப்படுவது அதிகம் ஓடாத காருக்கு. ஓர்ஸ் ஹில்லில் இருந்து கடைத்தெருவுக்கு மட்டும் போய்வந்தால் ஒயில் சரியாகச் சூடேறாது. நீராவியும் பெற்றோலும் அதிலேயே தங்கும். கிலோமீற்றர் ஏறாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுகிற கை நல்ல கையா என்பதை நின்று பார்த்தால் தெரியும். இளஞ்சூட்டில் வடிப்பார், கடைசிச் சொட்டுவரை பொறுப்பார், வோஷரைப் புதிதாகப் போடுவார், பில்ற்றரின் ரப்பர் வளையத்தில் புது ஒயில் தடவிக் கையாலேயே இறுக்குவார். அளவு பார்க்கும் கம்பியில் ஒயில் மேல் கோட்டைத் தாண்ட விடமாட்டார். தாண்டினால் உள்ளே நுரைக்கும்.

வடித்த ஒயிலைக் கானில் ஊற்றினால் மாரி மழையில் அது துறைமுகத்துக்குத்தான் போய்ச் சேரும். திறப்பைக் கொடுக்க முதல் பழைய ஒயிலை எங்கே சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். மூடி போட்ட பீப்பாயைக் காட்டினால் காரை நம்பி விடலாம்.