கிழங்குக்கு ஒரு சூடு, முட்டைக்கு ஒரு சூடு

விழுப்புரம் வட்டாரத்து உணவு வழக்கில் அடுப்பின் சூட்டைப் பக்குவமாகக் கையாளும் இரண்டு முறைகளைக் காணலாம். விறகடுப்பில் சமையல் முடிந்தபின் எஞ்சும் தணலிலும் சாம்பலிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்துச் சுட்டெடுப்பது ஒன்று. முட்டை, பால்கோவா, சர்க்கரை, நெய் ஆகியவற்றைக் கலந்து தட்டில் ஊற்றி, மேற்புறம் செம்பழுப்பாகும்வரை சூட்டில் வைத்தெடுக்கும் முட்டை மிட்டாய் மற்றொன்று. முன்னது அடுப்பங்கரையைச் சேர்ந்தது. பின்னது செஞ்சி, விழுப்புரம் கடைவீதிகளின் இனிப்புக் கடைகளைச் சேர்ந்தது. கிழங்கையும் முட்டையையும் சேர்த்து வீட்டிலேயே செய்யும் தின்பண்டம் இவ்விரு முறைகளின் கூட்டு என்றே சொல்லத் தகும். அதனைச் செய்வதில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை, கிழங்குக்கு வேண்டிய சூடு வேறு, முட்டைக்கு வேண்டிய சூடு வேறு என்பதை மறப்பதால் வருபவை.

இப்பண்டத்தைச் செய்யும் முறைக்கு வெதுப்புதல் என்று பெயர். வேகவைக்கும்போது நீரும், அவிக்கும்போது நீராவியும், பொரிக்கும்போது எண்ணெயும் சூட்டை உணவுக்குக் கொண்டு சேர்க்கின்றன; வெதுப்பும்போதோ, மூடிய இடத்தில் நாற்புறமும் சூழ்ந்து நிற்கும் உலர்ந்த வெப்பக் காற்றே அவ்வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டில் பேச்சில் பேக்கரி என்றும் எழுத்தில் அடுமனை என்றும் வழங்கும் இடத்தை இலங்கைத் தமிழர் வெதுப்பகம் என்று அழைப்பது இச்சொல்லின் அடியாகத்தான். புதுச்சேரிக்கு அருகிலுள்ள வானூர், திண்டிவனம் பகுதிகளுக்கு ரொட்டியும் பிஸ்கட்டும் புதியவை அல்ல என்றாலும், வெதுப்புதல் என்பது கடைக்காரர் தொழில், வீட்டில் இயலாதது என்ற எண்ணம் இன்னும் பரவலாக உள்ளது.

சர்க்கரைவள்ளி வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கொடி. கொலம்பஸின் கடற்பயணங்களுக்குப் பின்னரே அது பிற கண்டங்களுக்குப் பரவியது. இந்தியாவுக்கு அதனைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். கரீபியத் தீவுகளில் வழங்கிய பட்டாட்டா என்னும் அதன் பெயர், மராத்தியில் இன்று உருளைக்கிழங்கைக் குறிக்கும் சொல்லாக நிற்கிறது. தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு என்றும், யாழ்ப்பாணத்தில் வத்தாளங்கிழங்கு என்றும், விழுப்புரம் பக்கத்துப் பேச்சில் சக்கரவள்ளி என்றும் இது வழங்குகிறது. உருளைக்கிழங்கு கத்தரிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த செடியின் மண்ணடித் தண்டு. சர்க்கரைவள்ளியோ உணவைச் சேமித்துப் பருத்த வேர். குளங்குட்டைகளில் படரும் வள்ளைக்கீரையும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மார்கழி, தை மாதங்களில் பனங்கிழங்கு, மொச்சை, பரங்கிக்காய் ஆகியவற்றோடு மண் ஒட்டிய நிலையில் சந்தைகளில் குவிக்கப்படும் இக்கிழங்கு, பொங்கலன்று பல காய்கள் சேர்த்து வைக்கும் குழம்பிலும் இடம்பெறுகிறது.

தணலில் சுட்ட கிழங்கு, குக்கரில் விசில் விட்டு வேகவைத்த கிழங்கைக் காட்டிலும் இனிப்பதற்குக் காரணம் அதனுள் இருக்கும் ஒரு நொதி. நொதி என்பது உயிர்ப்பொருள்களில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம். பச்சைக் கிழங்கின் உலர்பொருளில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது சூடேறி நீரை உறிஞ்சி இளகும்போது, பீட்டா அமைலேஸ் என்னும் நொதி அதனைத் துண்டித்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. ஏறத்தாழ 60 முதல் 75 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் இந்நொதி மிகச் சுறுசுறுப்பாக இயங்கும். அதற்கு மேல் சூடு ஏறினால் செயலிழந்துவிடும். குக்கரில் கிழங்கு அந்த எல்லையைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவதால் நொதிக்கு வேலை செய்யப் போதிய நேரம் கிடைப்பதில்லை. சாம்பலுக்குள் மெல்லச் சூடேறும் கிழங்கிலோ அது நெடுநேரம் இயங்குகிறது. சுட்ட கிழங்கின் நுனியிலும் தோல் வெடித்த இடங்களிலும் பாகு கசிந்து, கருத்துப் பளபளப்பாக ஒட்டியிருப்பது இவ்வாறு பிறந்த இனிப்பின் அடையாளம். நீரில் வேகவைத்த கிழங்கு ஈரம் கோத்துக்கொண்டு முட்டைக் கலவையைத் தளர்த்திவிடும் என்பதையும் கருதினால், வெதுப்பும் பண்டத்துக்குச் சுட்ட கிழங்கே ஏற்றது என்பது விளங்கும்.

முட்டையின் இயல்பு இதற்கு மாறானது. அதன் புரதங்கள் நூல் உருண்டைகளைப் போலச் சுருண்டு கிடப்பவை. சூடு பட்டதும் அவை பிரிந்து, ஒன்றோடொன்று பின்னி வலையாகி, நீரைத் தம்முள் சிறைப்படுத்திக்கொள்கின்றன. வெள்ளைக்கரு 60 பாகையைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். மஞ்சள்கரு ஏறத்தாழ 65 முதல் 70 பாகைக்குள் கெட்டிப்படும். சர்க்கரையும் பிற பொருள்களும் கலந்த முட்டைக் கலவை 80 பாகையை ஒட்டி உறையும். அதற்கு மேலும் சூடேறினால் வலை இறுகிச் சுருங்கி, பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளிவிடும். வெதுப்பிய பண்டத்தின் அடியில் நீர் தேங்குவதும், உள்ளே ஓட்டை ஓட்டையாக இருப்பதும், வாயில் ரப்பரைப் போல மெல்ல வேண்டியிருப்பதும் இதனால்தான். எனவே கிழங்கை முதலில் தனியாக நெடுநேரம் சுட்டு, ஆறவைத்து, பின்னர் முட்டையோடு கலந்து மிதமான சூட்டில் குறைந்த நேரம் வெதுப்புவதே முறை.

ஓ.டி.ஜி. எனப்படும் சிறு மின் ஓவன் உள்ள வீடுகளில் இது எளிது. சாதாரண மைக்ரோவேவ் அடுப்பு கிழங்கை விரைந்து சூடாக்குவதால் இனிப்புக் குறையும். வெப்பக் காற்றைச் சுழற்றும் வசதி உள்ளதாயின் பயன்படுத்தலாம். ஓவன் இல்லாத வீடுகளில் கனமான பழைய இரும்புப் பாத்திரமே போதும். அதன் அடியில் கழுவி உலர்த்திச் சலித்த மணலையோ, மரக்காணத்து உப்பளங்களிலிருந்து வருவது போன்ற கல்லுப்பையோ ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, நடுவில் ஒரு தாங்கியை வைத்து, இறுக மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடேற்றினால் அதுவே ஓவனாகிவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் குக்கரில் மணல் பரப்பிக் கேக் செய்யும் வழக்கம் இவ்வகையைச் சேர்ந்தது. குக்கரைப் பயன்படுத்துவோர் அதன் மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் விசில் குண்டையும் அகற்றிவிட வேண்டும். நீரின்றி நெடுநேரம் சூடேறுவது பாத்திரத்தைப் பழுதாக்கும் என்பதால், அன்றாடச் சமையலுக்கான குக்கரை இதற்கு எடுக்காமல் இருப்பது நல்லது.

குறித்துக்கொள்ள விரும்பும் நேயர்களுக்காக, முதலில் இனிப்பு வகைக்கான அளவுகள்: சர்க்கரைவள்ளிக் கிழங்கு 500 கிராம், முட்டை 3, பொடித்த வெல்லம் 80 கிராம், உருக்கிய நெய் 2 மேசைக்கரண்டி, ஏலக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கிழங்குகளை மண் போகக் கழுவித் துடைத்து, முள்கரண்டியால் நான்கைந்து இடங்களில் குத்தி, தோலோடு முழுதாக ஓவனில் வைத்து, அதன்பிறகே 180 பாகைக்குச் சூட்டை முடுக்க வேண்டும். குளிர்ந்த ஓவனில் தொடங்கினால் கிழங்கு மெல்லச் சூடேறும். நடுத்தரக் கிழங்குகள் ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். கத்தி தடையின்றி உள்ளே இறங்குவதும், தோல் தளர்ந்து சுருங்குவதும் பதத்துக்கு அறிகுறி. வெந்ததும் தோலை உரித்து, நார்களை அகற்றி, சூடாக இருக்கும்போதே கட்டியின்றி மசித்து ஆறவிட வேண்டும். சூடான மசியலில் முட்டையை ஊற்றினால் அது அங்கேயே திரிந்து பொரியலாகிவிடும் என்பதால், மசியலின் சூடு கை பொறுக்கும் அளவுக்கும் கீழே இறங்கிய பின்னரே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

வெல்லத்தை 2 மேசைக்கரண்டி நீரில் கரைத்து, கல்லும் தூசும் நீங்க வடிகட்டி, சற்றே கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளலாம். முட்டைகளைத் தனிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்துச் சரிபார்த்து, நுரை பொங்காமல் அடித்து, வெல்லப் பாகு, நெய், ஏலம், உப்பு ஆகியவற்றோடு மசியலில் கலக்க வேண்டும். அதிகம் அடித்தால் காற்று புகுந்து, ஓவனில் பொங்கிப் பின்னர் அமுங்கிவிடும். நெய் தடவிய 7 அங்குலத் தட்டில் கலவையை ஊற்றி, மேலே வறுத்து உடைத்த நிலக்கடலையைத் தூவி, 170 பாகையில் 30 முதல் 35 நிமிடம் வெதுப்ப வேண்டும். முந்திரிக்குப் பதிலாக நிலக்கடலையைச் சொல்வதற்கு மண் சார்ந்த பொருத்தமும் உண்டு: திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த கடலை இரகங்கள் அவ்வூர்ப் பெயரின் சுருக்கமான டி.எம்.வி. என்பதையே தாங்கி நிற்கின்றன. அவற்றுள் 1940இல் வெளியான டி.எம்.வி. 2 நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிய இரகம்.

காரமாக விரும்புவோர் அதே 500 கிராம் கிழங்கின் மசியலில் 3 முட்டை, பொடியாக நறுக்கி வதக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை, மிளகுத் தூள், தேவையான உப்பு ஆகியவற்றைக் கலந்து, எண்ணெய் தடவிய சிறு கிண்ணங்களில் முக்கால் அளவுக்கு நிரப்பி, 180 பாகையில் 20 நிமிடம் வெதுப்பலாம். வெங்காயத்தைப் பச்சையாகச் சேர்த்தால் அது நீர் விட்டுக் கலவையைத் தளர்த்தும். வதக்கிச் சேர்ப்பது அதனாலேயே. மூன்றாவது வகை இதனினும் எளியது: சுட்ட கிழங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் கரண்டியால் தோண்டித் தோணிபோலாக்கி, அதில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, உப்பும் மிளகும் தூவி, மஞ்சள்கரு இறுகும்வரை மேலும் 15 முதல் 20 நிமிடம் வைத்தெடுக்கலாம். அரைகுறையாக வெந்த முட்டையில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி உயிரோடிருக்க வாய்ப்புண்டு. சிறுவர், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் உண்ணும் பண்டத்தில் மஞ்சள்கரு முழுவதும் இறுகியிருத்தல் இன்றியமையாதது.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பதிலும் கருத்து வேண்டும். கூன்வண்டு துளைத்த கிழங்கு, தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான நச்சுப் பொருள்களைச் சுரக்கிறது. அவை வெப்பத்தாலும் நீங்காதவை ஆதலால், துளையும் கசப்பும் உள்ள கிழங்கை வெட்டிச் சீர்செய்ய முயலாமல் எறிந்துவிட வேண்டும். பச்சைக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதன் நடுப்பகுதி வேகாமல் விறைத்துப்போகும். காற்றோட்டமான நிழலில் சில நாள் கிடந்த கிழங்கோ இனிப்பில் கூடும்.

சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும், சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் கொண்ட கிழங்கில் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு. உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் என்னும் நிறமி ஆரஞ்சுச் சதை கொண்ட இரகங்களிலேயே மிகுதி. அத்தகைய கிழங்கை ஆப்பிரிக்காவில் பரப்பியோர் 2016இல் உலக உணவுப் பரிசைப் பெற்றோருள் இடம்பெற்றனர். திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் ஸ்ரீ கனகா, பூ சோனா போன்ற ஆரஞ்சு இரகங்களை உருவாக்கியுள்ளது. பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது ஆதலால், மஞ்சள்கருவின் கொழுப்பும் நெய்யும் அதனை உடல் ஏற்க உதவுகின்றன. கிழங்கில் குறைவாக உள்ள புரதத்தை, ஒன்றுக்கு ஏறத்தாழ 6 கிராம் என்ற கணக்கில் முட்டை ஈடுசெய்கிறது. சத்துணவில் நாள்தோறும் முட்டை உண்டு பழகிய பள்ளிச் சிறுவர்களுக்கு இப்பண்டம் எளிதில் பிடித்துப்போகும். ஆயினும் சுட்ட கிழங்கின் மாவுச்சத்து, வேகவைத்ததைவிட விரைவாக இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதால், நீரிழிவு உள்ளோர் இனிப்பு வகையைத் தவிர்த்து, கார வகையைச் சிறிதளவு உண்பதே தக்கது.

தட்டை ஓவனிலிருந்து எப்போது எடுப்பது என்பதை, கடிகாரத்தைவிடத் தட்டே தெளிவாகச் சொல்லும். ஓரங்கள் இறுகித் தட்டைவிட்டுச் சற்றே விலகி நிற்க, மெல்ல அசைத்தால் நடுப்பகுதி மட்டும் தயிரைப்போல ஒரு முறை நடுங்கி நிற்குமாயின், அதுவே எடுக்கும் தருணம். மீதி இறுக்கத்தைத் தட்டில் எஞ்சிய சூடு கொடுத்துவிடும். சூட்டோடு வெட்டினால் துண்டுகள் குழையும் என்பதால், முழுதும் ஆறிய பின்னரே கத்தி வைக்க வேண்டும். கடலோரத்துப் புழுக்கத்தில் இது அன்றன்றே தீர வேண்டிய பண்டம். குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் 3 நாள் தாங்கும். மறுநாள் எடுக்கும் துண்டு முதல் நாளினும் இறுக்கமாக, வெட்டிய முகம் வழவழப்பாக, ஓரத்தில் கருத்த பாகின் மணத்தோடு இருக்குமானால், கிழங்குக்கும் முட்டைக்கும் அததற்குரிய சூடு கிடைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.