விளக்கும் நெய்யும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அருங்காட்சியகமும் அறக்கொடையும் என்னும் பொருள் பற்றிப் பேச இசைந்தோம். பிழைப்பு நாடி வந்த நமக்குச் சோறும் இடமும் தந்த இம்மும்பை மாநகரமே இப்பொருளுக்குச் சிறந்த சான்று பகரும்.

பைகுலா இரயில் நிலையத்திற்கு அருகே, மிருகக்காட்சிசாலைத் தோட்டத்தில் ஓர் அருங்காட்சியகம் உள்ளது. 1872ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் மக்களுக்குத் திறக்கப்பெற்றது. ஜகந்நாத் சங்கர்சேட், டாக்டர் பாவு தாஜி லாட் முதலிய பெருமக்கள் அதற்காக உழைத்தனர். நகரத்தார் பொருள் ஈந்தனர். 1975இல் அதற்கு டாக்டர் பாவு தாஜி லாட் அவர்களின் பெயரே சூட்டப்பெற்றது. காலப்போக்கில் சிதைவுற்ற அக்கட்டடத்தை மாநகராட்சியும், இன்டாக் அமைப்பும், ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளையும் ஒன்றுகூடிப் புதுப்பித்தன. 2008இல் அது மீண்டும் திறக்கப்பெற்றது.

கோட்டைப் பகுதியிலுள்ள பெரிய அருங்காட்சியகத்தின் வரலாறும் இத்தகையதே. 1905இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. சர் கரிம்பாய் இப்ராகிம் 3 இலட்சம் ரூபாயும், சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் 50,000 ரூபாயும் வழங்கினர். முதல் உலகப் போர்க் காலத்தில் இராணுவ மருத்துவமனையாகப் பயன்பட்ட அம்மாளிகை, 1922 ஜனவரி 10ஆம் நாள் அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. டாட்டா குடும்பத்துச் சகோதரர் இருவரும் தாம் தேடிச் சேர்த்த கலைச் செல்வங்களை அதற்கு அளித்தனர். 1998இல் அது சத்ரபதி சிவாஜி மகாராஜ் பெயரைப் பெற்றது.

மாளிகை எழுந்தது, பொருள்களும் நிறைந்தன. அத்துடன் அறம் முடிந்துவிடுமா? பூட்டிய கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சிலை தானே வாய் திறந்து பேசுமா? குழந்தைகளுக்கு எடுத்துரைக்க ஆசிரியர் வேண்டும். அழைத்து வரப் பேருந்து வேண்டும். வரைந்து பழகத் தாளும் வண்ணமும் வேண்டும். இவை ஆண்டுதோறும் வரும் செலவுகள். மண்டபம் கட்டியவர் பெயர் கல்லில் நிற்கும். பேருந்துக்கு வாடகை கொடுத்தவர் பெயரை எவரும் பொறிப்பதில்லை. ஆகவே இவ்வறத்திற்குக் கை நீட்டுவோர் சிலரே.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளைக் காண்மின்! கோயிலுக்கு விளக்கு அளித்தவர் விளக்கோடு நின்றாரல்லர். அது நாளும் எரிய 96 ஆடுகளையும் அளித்தார். ஆட்டைப் பெற்றவர் நாள்தோறும் நெய் அளக்கக் கடமைப்பட்டார். மந்தை குறையாது பேணப்படுவதால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றே வழங்கினர். விளக்குக்குக் கொடை, நெய்க்கும் கொடை! அதுவன்றோ நிறைந்த அறம்?

கோட்டைப் பகுதி அருங்காட்சியகம் 2015 முதல், ஒரு வங்கியின் பொருளுதவியுடன், பேருந்து ஒன்றையே காட்சிக்கூடமாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 2019இல் சிறுவர்க்கெனத் தனி அருங்காட்சியகமும் கண்டது. இவையெல்லாம் நெய் வார்க்கும் பணிகளே.

'டாட்டா கொடுப்பார், மாதச் சம்பளக்காரர் நாம் என் செய்வோம்?' என்று சிலர் வினவக்கூடும். நம் குடியிருப்பில் 60 குடும்பங்கள் உள்ளன. குடும்பத்திற்கு மாதம் 20 ரூபாய் எனில், ஆண்டுக்கு 14,400 ரூபாய் சேரும். அத்தொகையைக் கொண்டு, நம் பிள்ளைகளையும், நம் வீடுகளில் வேலை செய்யும் தாய்மார்களின் பிள்ளைகளையும் ஒருசேர அழைத்துச் சென்று காட்டலாம்; விளக்கிச் சொல்வோர்க்கு ஊதியமும் தரலாம்.

'மராட்டிய மண்ணின் வரலாறு நம் பிள்ளைகளுக்கு எதற்கு?' என்பாரும் உளர். இங்குப் பிறந்து, இங்குப் பயின்று, இங்கு வாழப் போகும் பிள்ளைகள் அவர்கள். தாம் வாழும் ஊரின் கதையை அறியாதவர் அவ்வூரில் என்றும் விருந்தினரே. தமிழை வீட்டில் காப்போம். இவ்வூரையும் அறிந்து அன்பு செய்வோம். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

மேடைக்குப் புதிய திரை வாங்க வேண்டுமென்ற கோரிக்கையும் பொதுக்குழுவின் முன் உள்ளது. திரை ஓராண்டு பொறுக்கும். பத்து வயதுப் பிள்ளை அடுத்த ஆண்டு பதினொன்றாகிவிடும். பொதுக்குழு இதனை எண்ணி முடிவு செய்யுமாறு பணிவுடன் வேண்டி அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!