நெம்மாறாவில் ஒரு பாத்திரக் கடை

(மும்பையில் நடந்த சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ரிடையர் ஆனதும் ஊருக்குப் போய் ஒரு சின்னக் கடை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமா?" என்று நம் அங்கத்தினர் பலர் என்னிடம் போனில் கேட்பதுண்டு. அதற்கு என் அனுபவத்தையே பதிலாகச் சொல்லும்படி செயலாளர் பணித்திருக்கிறார்.

நான் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் அல்ல. டோம்பிவிலியிலிருந்து தினமும் ரயிலில் போய், ஒரு கம்பெனியில் 26 வருஷம் கணக்கு எழுதியவன். அப்பா காலமானபின் அம்மா நெம்மாறா கிராமத்து ஆத்தில் தனியாக இருந்தாள். மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வரமாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு வேலை கிடைத்திருந்தது. 2014-ல், 52-வது வயதில் ராஜினாமா செய்தேன். பென்ஷன் கிடையாது. கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடையில் போடக்கூடாது என்று என் மனைவி நிபந்தனை விதித்தாள். அதன்படி கடைவீதியில் 200 சதுர அடியில் பாத்திரக் கடை திறந்தோம்.

நெம்மாறா பாலக்காட்டிலிருந்து சுமார் 25 கி.மீ. சுற்றிலும் நெல் வயல், மேலே நெல்லியாம்பதி எஸ்டேட்டுகள். இந்த ஊரின் பஞ்சாங்கம்தான் கடையின் பஞ்சாங்கமும். கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், மழையும் பெய்யும், சுபகாரியமும் இராது. கல்லாவில் ஈ ஓட்டலாம். சிங்ஙம் பிறந்தால் ஓணம், கல்யாணம், கிரஹப்பிரவேசம். நிலவிளக்கும் உருளியும் அப்போதுதான் போகும். மீனம் 20-ஆம் தேதி நெம்மாறா வல்லங்கி வேலை. அன்று விருந்தாளி வராத வீடு கிடையாது. அதற்கு முந்தைய வாரம் தட்டு, டம்ளர், பெரிய பாத்திரம் எல்லாம் விற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் ஜனங்கள் மலையிறங்கி வருவார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. மாதச் சம்பளம் வாங்கிப் பழகியவனுக்கு, வருஷத்தில் நாலு மாதம் சம்பாதித்து மீதி எட்டு மாதம் அதில் ஓட்டுவதைப் பழகிக்கொள்வதுதான் முதல் பாடம்.

இரண்டாவது பாடம், எதை விற்பது என்பது. ஒரு குக்கரை வாடிக்கையாளர் கையிலுள்ள போனில் என் கொள்முதல் விலைக்கும் குறைவாகக் காட்டுகிறார். அதோடு போட்டி போட என்னால் முடியாது. ஆனால் அந்தக் குக்கரின் காஸ்கெட் தளர்ந்தால் அவர் என்னிடம்தான் வந்தாக வேண்டும். ஐந்து லிட்டர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கம்பெனிக்குக் கம்பெனி, உள்மூடி வெளிமூடி என்று காஸ்கெட் மாறும். குக்கர் வெயிட், கைப்பிடி ஸ்க்ரூ, மிக்ஸி ஜாரின் பிளேடு, கிரைண்டர் பெல்ட், காபி ஃபில்டரின் அடித்தட்டு என்று ஒரு சுவர் முழுக்கச் சிறு டப்பாக்களில் வைத்திருக்கிறேன். கிரைண்டர் சாமான்களுக்குக் கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருப்பது சௌகரியம். முப்பது ரூபாய் சாமானுக்கு வந்தவர்தான் மகள் கல்யாணத்துக்கும் நம்மிடம் வருகிறார்.

ஒருநாள் ஒரு அம்மாள் வெயிட் வாங்கக் குக்கரோடு வந்தாள். மூடியைப் பார்த்தால், சேஃப்டி வால்வு இருக்கவேண்டிய துவாரத்தை யாரோ உலோகம் வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தார்கள். ஆவி போகும் வழி அடைபட்டால், அதிகச் சூட்டில் உருகி அழுத்தத்தை வெளியேற்றுவதற்காகவே உள்ளது அந்த வால்வு. அதை அடைத்தால் குக்கர் வெடிக்கும். வெயிட்டைக் கொடுக்க மறுத்துவிட்டேன். அவளுக்குக் கோபம். புதுமூடி போட வழியில்லாத பழைய மாடல் அது. கடைசியில் புதுக்குக்கரைத் தவணையில் கொடுத்தேன். ஏழு மாதத்தில் கட்டி முடித்தாள். 2021 பிப்ரவரி முதல் வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மலிவாகக் கிடைக்கிறதென்று முத்திரை இல்லாததை யாரும் வாங்காதீர்கள்.

மாமிகளுக்கு இன்னொரு விஷயம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று நினைக்கிறோம். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, வாஸ்தவம். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசை ரகங்களிலும் சாதாரணமாக ஒட்டாது. பில்லில் ரகத்தைக் குறிக்கச் சொல்வதுதான் வழி. அதே சமயம் இண்டக்ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் அவசியம். ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கவேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது வாங்குகிற பெண்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

கஷ்டகாலமும் உண்டு. 2018 ஆகஸ்டில் ஓணத்துக்காகச் சரக்கு நிரப்பிவைத்திருந்த சமயத்தில் பெருமழை. நெம்மாறா அருகிலேயே நிலச்சரிவில் பல உயிர்கள் போயின. அந்த வருஷம் உருளியும் விளக்கும் அப்படியே நின்றன. வீடிழந்தவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பானை, தட்டு, கரண்டி என்று ஊர்க்காரர்கள் வாங்கிப் போனார்கள். அதில் லாபம் வைக்கவில்லை. 2020 ஊரடங்கில் மீனமும் போயிற்று, வேலையும் போயிற்று. சென்ற 2025-ல் செப்டம்பர் 22 முதல் பாத்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆகும் என்று 3-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. நல்ல செய்திதான், ஆனால் இடைப்பட்ட நாட்களில் பெரிய பாத்திரம் வாங்க ஒருவரும் வரவில்லை. இப்படிப்பட்ட மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது கடையில் போடாமல் வைத்த அந்த மூன்றில் இரண்டு பங்குதான்.

அம்மா 2022-ல் தன் ஆத்திலேயே, தன் கட்டிலிலேயே காலமானாள். போன காரியம் நிறைவேறியது. இனி எதற்கு அங்கே, திரும்பி வாருங்களேன் என்று பிள்ளை கூப்பிட்டான். அவன் கடையை எடுத்து நடத்தமாட்டான். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. எட்டு வருஷமாக என்னோடு இருக்கும் உள்ளூர்ப் பையனுக்கு எந்தக் குக்கருக்கு எந்த காஸ்கெட் என்று டப்பாவைப் பார்க்காமலே தெரியும். போன வருஷம் அவனைப் பங்குதாரர் ஆக்கினேன். சொந்தக்காரர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. கடையை மூடிவிட்டால் அந்தச் சுவர் டப்பாக்கள் பழைய இரும்புக்குத்தான் போகும். அவன் கையில் இருந்தால் ஊருக்குப் பிரயோஜனப்படும் என்பது என் அபிப்பிராயம். என் மனைவிக்கும் அதுவே.

ஆகவே ஊருக்குப் போக நினைப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. வீட்டம்மாவின் முழுச் சம்மதம் இல்லாமல் புறப்படாதீர்கள். ஒரு வருஷச் செலவைத் தனியே வைத்துவிட்டுக் கடை திறவுங்கள். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை கல்லாவில் உட்கார உடம்பு இடம் கொடுக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நிம்மதி உண்டு, ஓய்வு கிடையாது.

பாலக்காட்டுப் பக்கம் வந்தால் அவசியம் கடைக்கு வாருங்கள். பழுதான குக்கர் மூடியையும் கையோடு கொண்டுவரலாம்.