முழு ஆலயமும் ஒரே படத்தில்

(யூபிலி விழாவையொட்டிப் பங்கு இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய ஆலயங்களை மீன்கண் லென்ஸ் கொண்டு படம் பிடிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீருக்குள் கிடக்கும் மீன் அண்ணாந்து பார்த்தால் வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்திற்குள் சுருங்கித் தெரியும். அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் வுட், 1906-ல் நீர் நிரப்பிய காமிராவினால் இதைப் படமெடுத்துக் காட்டினார். பெயர் வந்த கதை அதுதான். 1924-ல் இங்கிலாந்தின் ராபின் ஹில், வானம் முழுவதிலும் உள்ள மேகங்களை ஒரே படத்தில் அடக்க இத்தகைய லென்ஸ் ஒன்றை அமைத்தார். ஆக, அழகுக்காகப் பிறந்த பொருளல்ல இது. ஒன்றையும் விடாமல் பதிவு செய்யப் பிறந்தது. இதை மறந்துவிட்டு, வேடிக்கைப் படம் எடுக்கவே பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆலயத்திற்குள் முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் போனாலும் சாதாரண லென்ஸில் பாதிதான் விழும். மீன்கண் லென்ஸோ 180 பாகை வரை வாரிக்கொள்ளும். அதற்கு விலையாகக் கோடுகளை வளைத்துவிடும். ஆனால் எல்லாக் கோட்டையும் அல்ல. படத்தின் நடுப்புள்ளி வழியே செல்லும் கோடு நேராகவே நிற்கும். விலக விலக வளைவு கூடும். எனவே நடுநடைபாதையின் சரிபாதியில் நின்று, காமிராவைச் சற்றும் மேலே கீழே சாய்க்காமல் மட்டம் பார்த்து வையுங்கள். சாய்த்தால் தூண்கள் கூடை பின்னியதுபோல் ஆகிவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்தது, காமிராவைத் தரையில் மல்லாத்தி வைத்து விதானத்தை எடுப்பது. நெட்டாக நிற்கும் தூண்கள் அத்தனையும் நடுப்புள்ளியை நோக்கி ஓடுவதால் ஒன்றுகூட வளையாது! விதானத்து வளைவுகளும் விரிசல்களும் ஒருசேரத் தெரியும். நீங்கள் மட்டும் பெஞ்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தலையும் படத்தில் வரும்.

வெளிச்சம்தான் அடுத்த தொல்லை. வண்ணக் கண்ணாடி சன்னல் பளிச்சிடும். பீடத்தின் ஓரமோ இருட்டாயிருக்கும். முக்காலியில் வைத்து, ஒரே இடத்திலிருந்து குறைந்த, நடுத்தர, மிகுந்த ஒளியில் மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் இணைத்துக்கொள்ளலாம்.

இனித் திருத்தம். வளைந்ததை நிமிர்த்தும் வசதி இன்று கணினியில் உண்டு. அளவோடு செய்யுங்கள். முழுவதும் நிமிர்த்தினால், நடுவிலிருந்து 60 பாகை தள்ளி நிற்கும் தூண் தன் உயரத்திற்குப் பொருந்தாமல் இரு மடங்கு பருத்துத் தோன்றும். 180 பாகைக் காட்சியைத் தட்டையான தாளில் முழுக்க நிமிர்த்த எந்தக் கணக்காலும் முடியாது. இதற்கு நடுவழி ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ரோமை இராயப்பர் பேராலயத்தின் உட்புறத்தை வரைந்த ஓவியர் பனினியின் பெயரால் வழங்கும் முறை அது. தூண்கள் நேராக நிற்கும். பீடத்தை நோக்கி ஓடும் கோடுகளும் நேராயிருக்கும். குறுக்குக் கோடுகள் மட்டும் சிறிது வளையும். ஹூகின் என்னும் இலவச மென்பொருளிலேயே இது இருக்கிறது.

இங்கேதான் நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது வருகிறது. கோணலை நிமிர்த்துங்கள், ஆனால் சுவரின் ஈரக்கறையை, விதானத்து வெடிப்பை, தொங்கும் மின்கம்பியை அழிக்காதீர்கள். மலருக்கு அழகாயிருக்கட்டும் என்று அழிக்கத்தான் கை துறுதுறுக்கும். பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தை நினைத்துப் பாருங்கள். 2010-ல் ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் லேசர் கருவியை நிறுத்தி அதனை அளந்தார். அதே இடங்களிலிருந்து சுற்றுக்காட்சிப் படங்களும் எடுத்தார். 2018-ல் அவர் மறைந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று கூரையும் கூர்ங்கோபுரமும் எரிந்து விழுந்தன. மீண்டும் கட்டியவர்களுக்கு அவர் விட்டுச்சென்ற அளவுகள் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் கதவு திறந்தது. எந்தத் தூண் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதையும் அவர் உள்ளபடியே பதிந்திருந்தார்.

நம்மிடம் லேசர் கருவி இல்லை. மீன்கண் லென்ஸைக் கொண்டு ஓரிடத்தில் நின்று நான்கு திசையும் திரும்பி எடுத்தால் சுற்றுக்காட்சி கிடைத்துவிடும். நம் பக்கத்தில் பழைய ஆலயங்களுக்குத் தீயைவிட யூபிலிதான் ஆபத்து. வர்ணம் பூசுகிறோம், ஓடு பதிக்கிறோம், சில ஊர்களில் இடித்தே விடுகிறோம். முன்பு எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் காட்ட ஒன்றும் இருப்பதில்லை.

ஆகவே இளைஞர்களே, சாரம் கட்டுமுன் ஐந்து இடங்களில் எடுத்துவிடுங்கள்: தலைவாசல், நடுநடைபாதை, பீடப்படி, பாடகர் மாடம், திருப்பண்ட அறை. திருத்தாத மூலப்படத்தைத் தனியே வைத்து, தேதி, லென்ஸ், நின்ற இடம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு பிரதி பங்கு அலுவலகத்தில், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். கோவில்பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் எல்லாக் கதவையும் திறந்து வைப்பார். திருப்பண்ட அறை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். கூரை ஒழுகுவது அங்கேதான்.