பெரிய நம்பர்னா நல்ல பிளக்கா?

அப்பாவோட பழைய காருக்கு நானே ஸ்பார்க் பிளக் வாங்கி மாட்டினேன். பெரிய நம்பர்னா நல்ல பிளக்னு ஒரு நினைப்பு. ரெண்டே வாரம்தான். அம்மாவை ஏத்திக்கிட்டு தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் கிளம்பினோம். முள்ளக்காடு தாண்டுறதுக்குள்ள வண்டி திக்கித் திக்கி நின்னுபோச்சு.

மெக்கானிக் அண்ணாச்சி பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை முழுக்கக் கரி. “தம்பி, அந்த நம்பர் தரம் இல்ல, சூட்டுக் கணக்கு” என்றார்.

பிளக் முனை ஏறக்குறைய 500 டிகிரி சூடானால்தான் படிகிற கரி தானே எரியும். என்ஜினுக்குப் பொருந்தாத கோல்ட் பிளக் போட்டால் கரி அடைக்கும். அளவுக்கு மீறிய ஹாட் பிளக் போட்டால் பெட்ரோல் முன்கூட்டியே பற்றி, பிஸ்டனே சேதமாகலாம். இதுல கூத்து என்னன்னா, என்ஜிகே பிளக்கில் நம்பர் ஏற ஏற கோல்ட். பாஷ் பிளக்கில் நம்பர் ஏற ஏற ஹாட்!

அதனால இரிடியமா, பிளாட்டினமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, வண்டியோட கையேட்டில் இருக்கிற நம்பரைப் பாருங்க. திரெட் நீளமும் முனை இடைவெளியும் அதில் சொன்னபடியே இருக்கணும். கம்பெனி மாத்தினா, அவங்க பொருத்தப் பட்டியலைப் பாருங்க. கழற்றுன பழைய பிளக்கையும் தூக்கிப் போட்டுடாதீங்க. முனை இளம்பழுப்பா இருந்தா, அதே நம்பர் போதும்.

அம்மா மறுநாள் பஸ்லதான் திருச்செந்தூர் போனாங்க. காரைப் பத்தி இன்னும் பேச்செடுக்கல.